கழித்தல் தோழி

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் என் தோழி கணக்கில் ஃபெயில் ஆனாள். நான் பாஸ்தான். ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்படியான பாஸ். விடைத்தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பியதும் அவள் தாளை நான் பார்த்தேன், என் தாளை அவள் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். கணக்கு டீச்சர் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றுகொண்டும் சிரித்தோம்.

ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச். புதுச்சேரியில், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளி அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. வகுப்பில் ஒருத்தியிடமும் செல்போன் கிடையாது. பேசவேண்டியதை எல்லாம் நேரில்தான் பேசித் தீர்க்க வேண்டும், எங்களுக்கோ தீரவே தீராது. பள்ளியில் பேசியது போக, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பேசுவோம். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசுவோம். ஏறி ஓட்டினால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்பதால் ஏறவே மாட்டோம்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை. பாதி நாட்கள் பகலில் தூங்குவார். அவள் வீடு லாஸ்பேட்டையில். அவளுடைய அம்மா கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வெளிநாட்டில் இருந்தார். ஆகவே அவளை அதட்ட வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வழியாகத்தான் அதட்ட முடியும்.

அந்தக் கணக்குத் தாளுக்குப் பிறகு, இனி சேர்ந்து படிப்பது என்று முடிவு செய்தோம். சனி, ஞாயிறு எங்கள் வீட்டில். முதல் வேலை டைம்டேபிள். அதற்குச் சார்ட் பேப்பர் வேண்டும், ஸ்கெட்ச் பேனா வேண்டும். இரண்டும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வந்ததில் சனிக்கிழமை காலை தீர்ந்தது. எந்தப் பாடத்துக்கு எந்த நிறம் என்பதில் மதியம் போனது.

“கணக்குக்குச் செவப்பு போடாதடி, பாக்கவே பயமா இருக்கு” என்றாள் அவள்.

“பச்சை போட்டா சயின்சுக்கு இன்னா போடறது?”

“சயின்சுக்கு ஊதா. ரத்த ஓட்டம் இருக்குதில்ல, அதுக்கு ஊதா பொருந்தும்.”

ரத்தத்துக்கு ஊதா எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு மாலை டைம்டேபிள் முடிந்தது. பார்க்க மிக அழகாக இருந்தது. நான்கு ஓரத்திலும் பூ. அதைச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துவிட்டு, களைப்பாக இருக்கிறதென்று அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்தபோது, அந்த வாரம் முழுக்க டைம்டேபிள்படி நடக்காததால் அது பழசாகிவிட்டது என்று இருவரும் ஒத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்று வரைய உட்கார்ந்தோம்.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். “நீங்க ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கறீங்களா, கோலப் போட்டிக்குப் போறீங்களா?”

படிக்கவும் செய்தோம். ஆனால் ‘அஞ்சு நிமிஷம் பேசிட்டு ஆரம்பிக்கலாம்’ என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கும். வரலாறு டீச்சர் தலைக்குப் புதிதாகச் சாயம் போட்டிருப்பதில் ஆரம்பிக்கும். தெருவிளக்கு எரியும்போது முடியும். சரியாக அப்போது எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவார்.

“படிச்சீங்களா?”

“படிச்சிக்கினே இருக்கோம்மா” என்பாள் இவள், புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

அந்த ஐப்பசியில், நல்ல மழை நாள் ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி முகாம் என்று சொல்லி எங்களை ஹாலில் உட்கார வைத்தார்கள். எப்படிப் படிப்பது, நேரத்தை எப்படிப் பங்கு போடுவது, யாரோடு பழகுவது என்று சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார்கள். காலை பத்து மணிக்கு முகாம். பதினொன்றரைக்கு அவர் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது, கழுத்தில் டை மட்டும் காய்ந்திருந்தது. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். மைக்கைப் பிடித்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், “மாணவிகளே, நேரம் தவறாமைதான் வெற்றியின் முதல் படி.”

என் தோழி என் தொடையைக் கிள்ளினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். முன்வரிசையில் இருந்த முதல் ரேங்க்காரி மட்டும் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டாள்.

முதல் ரேங்க்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் அந்த இடம் அவளைவிட்டு நகர்ந்ததே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட கையில் புத்தகம் இருக்கும். யாரோடும் சண்டை கிடையாது, யாரோடும் பேச்சும் கிடையாது. நாங்கள் அவளைப் பள்ளியின் சொத்தாக மதித்தோமே தவிர, ஒரு பெண்ணாகப் பார்த்ததில்லை.

பயிற்சியாளர் ஒரு நாளை வட்டமாக வரைந்து கேக் மாதிரி துண்டு போட்டார். அது எங்களுக்குத் தெரிந்த கலைதான். ஆனால் அவர் பூ வரையவில்லை. பிறகு நட்புக்கு வந்தார். தோழிகளில் மூன்று வகை உண்டு என்றார். கூட்டல் தோழி, நம் அறிவைக் கூட்டுவாள். பூஜ்ஜியத் தோழி, அவளால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. கழித்தல் தோழி, நம் நேரத்தையும் மதிப்பெண்ணையும் கழித்துக்கொண்டே இருப்பாள். “இப்போ உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களப் பாருங்க. அவங்க யாருன்னு உங்க மனசுக்குத் தெரியும்” என்றார்.

ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பி, பக்கத்தில் இருந்தவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் தோழியின் முகத்தில் சிரிப்பைத் தேடினேன். இல்லை.

திங்கட்கிழமை மாலை சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து எனக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள், பேச்சுப் போட்டிக்கு வருகிறவளைப் போல விறைப்பாக நின்றாள்.

“தப்பா நெனைக்காத. நான் யோசிச்சுப் பாத்தேன். நீ எனக்குக் கழித்தல்டி.”

“நானா? அப்போ நீ எனக்கு இன்னா?”

“நானும் உனக்குக் கழித்தல்தான். அதான் சொல்றேன். பரீட்சை முடியறவரைக்கும் வேணாம். நான் அவகூடப் படிக்கப் போறேன்.” தள்ளி நின்று சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த முதல் ரேங்க்காரியின் பக்கம் தலையை ஆட்டினாள். “கேட்டுட்டேன். சனிக்கிழமை வரச்சொல்லிட்டா.”

“கழித்தலும் கழித்தலும் சேந்தா கூட்டல்னு கணக்கு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களே” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது.

“அது பெருக்கினாத்தான்டி” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கும் அதுதான். சைக்கிளில் ஏறி, முதன்முறையாக, ஓட்டிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. நாலரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். டைம்டேபிள் சுவரில் பூவோடு என்னைப் பார்த்தது. ஒரு பக்கம் படித்தேன். அதையே இன்னொரு முறை படித்தேன். உள்ளே எதுவும் போகவில்லை. படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு நிற்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அவளிடம் வரலாறு டீச்சரின் தலைச்சாயத்துக்கு நடுவே கொஞ்சம் பாடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் காலாண்டில் என்னைக் கரை சேர்த்திருக்கிறது.

முதலில் அப்பாவைப் பிடித்தேன். இரவு ஷிப்டு முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, பாயில் சாய்ந்தவரிடம் ஓம் விதியைச் சொல்ல ஆரம்பித்தேன். “சொல்லு சொல்லு” என்றார். மின்தடை வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அடுத்தது அம்மா. அவள் சமையலறைத் தரையில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து ஓட முடியாத நிலை. நான் எதிரில் உட்கார்ந்து இதயத்தின் அமைப்பைத் தொடங்கினேன். மனித இதயத்துக்கு நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு.

“நாலு ரூமா?” என்றாள் அம்மா. “நம்ம வீட்டுலயே மொத்தம் மூணுதான்.”

“நடுவுல கேக்காதம்மா.”

“சரி சொல்லு.”

“வலது பக்கம் அசுத்த ரத்தம், இடது பக்கம் சுத்த ரத்தம். ரெண்டும் கலக்கவே கலக்காது.”

“எப்படிக் கலக்காம இருக்கும்? பக்கத்துப் பக்கத்து ரூம்னு சொல்ற. நடுவுல செவுரா வெச்சிருக்கு?”

நான் புத்தகத்தைப் புரட்டினேன். சுவர் வைத்துத்தான் இருந்தது. தடுப்புச்சுவர் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.

அம்மா கையிலிருந்த மீனைத் தூக்கிப் பார்த்தாள். “இதுக்கும் நாலா?”

தெரியவில்லை. மறுநாள் அறிவியல் டீச்சரிடம் போய், மீனுக்கு எத்தனை அறை என்று கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “இரண்டு. எதுக்குக் கேக்கற?” என்றார். “அம்மா கேட்டாங்க மிஸ்” என்றேன். அன்று சாயந்திரம் போய் அம்மாவிடம் இரண்டு என்றேன். “பாவம், ரெண்டு ரூம வெச்சிக்கினு கடல் பூரா சுத்துது” என்றாள்.

அந்தப் பாடம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. பிறகு தினமும் அப்படித்தான். அம்மா காய் நறுக்கும்போது உலகப்போர், துணி மடிக்கும்போது அமிலமும் காரமும். அவள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்றும் தெரியாது, அதனால் எதையும் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். “புரியல” என்று கூச்சமே இல்லாமல் சொல்வாள். நான் மறுபடி புத்தகத்துக்கு ஓடுவேன்.

பாடம் ஏற ஆரம்பித்தது. ஆனால் பள்ளியில் ஒரு நல்ல செய்தி கிடைத்தால் சொல்ல ஆள் இல்லை. தலைமை ஆசிரியையின் குடை காற்றில் திருப்பிக்கொண்டு, அவர் அதோடு சுழன்றதை நான் தனியாகப் பார்த்தேன். தனியாகப் பார்க்கிற காட்சியா அது? தோழி இப்போது முன்வரிசையில், முதல் ரேங்க்காரிக்குப் பக்கத்தில். பின்னால் திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தாள்.

கார்த்திகையில் மாதத் தேர்வு வந்தது. அதில் உலகமே புரண்டது. முதல் ரேங்க்காரி இரண்டாம் ரேங்க்காரி ஆகிவிட்டாள்.

மறுநாள் இடைவேளையில் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். கையில் புத்தகம் இல்லை. அதனாலேயே முதலில் யாரென்று தெரியவில்லை.

“உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அவள நீ திரும்பக் கூட்டிக்கினு போயிடறியா?”

“யார?”

“உன் ஃபிரண்ட.”

நான் பாட்டிலை மூடினேன். “நான் கழித்தலாச்சே.”

“எனக்குத் தெரியாது. அவ வந்ததுல இருந்து நான் ஒரு பாடம்கூட முழுசா முடிக்கல. எங்க வீட்டுல பேசக் கூடாது. பாப்பாக்குப் பிடிக்காது. பேசாம இருந்தா அவளுக்கு விக்கல் வந்துடுது. நெஜமாத்தான் சொல்றேன். அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தா விக்குறா. தண்ணி குடுத்தா நிக்கல, சக்கரை குடுத்தா நிக்கல. பேசவிட்டா நின்னுடுது. பேசினா ஒன்னப் பத்தித்தான் பேசறா. உங்க வீட்டு மீன் கொழம்பு வரைக்கும் எனக்குத் தெரியும்.”

பாப்பா என்பது அவளுடைய அப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அந்த வீடுகளில் அப்பாவை பிரெஞ்சு முறையில் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவது. “பாப்பா தூங்கற நேரம், சத்தம் போடாத” என்று இவள் சொன்னதைக் கேட்டு, முதல் நாள் என் தோழி தொட்டிலைத் தேடியிருக்கிறாள்.

“அப்போ நீயே அவகிட்ட வராதன்னு சொல்லிடேன்” என்றேன்.

முதல் ரேங்க்காரி குழாயைத் திறந்தாள், மூடினாள். “சொல்லலாம். ஆனா போன வாரம் அவ வரல. வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. அன்னைக்கும் என்னால படிக்க முடியல.”

அதைச் சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பள்ளியின் சொத்து அழப்போகிறதோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. சனிக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர் தெருக்களில், மஞ்சள் சுவரும் உயரமான பச்சைக் கதவுமாக இருந்தது அவள் வீடு. கதவைத் திறந்தவர் சொல்தாவேதான். முடி ஒட்ட வெட்டியிருந்தது, முதுகு நேராக இருந்தது. “போன்ழூர்” என்றார். நான் “வணக்கம் சார்” என்றேன். உள்ளே பெரிய மேசை. ஒரு முனையில் அவர் மகள், மறு முனையில் என் தோழி. என்னைப் பார்த்ததும் தோழியின் கண் விரிந்தது. வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

“ஹிக்” என்றாள்.

“சிலான்ஸ்” என்றார் சொல்தா. சத்தம் கூடாது என்று அர்த்தம்.

சுவரில் டைம்டேபிள். டைப் அடித்தது. பூ இல்லை. காலை எழுவதிலிருந்து இரவு விளக்கணைப்பதுவரை எல்லாமே அதில் இருந்தது. எனக்கு ஒரு வரியில் கண் நின்றுவிட்டது: மாலை 5.30 – 5.40, தோழிகளுடன் உரையாடல். ஒவ்வொரு கட்டமும் முடியும்போது சொல்தா மேசைமேல் இருந்த சின்ன வெண்கல மணியை அடிப்பார்.

நான் உட்கார்ந்து புவியியல் படித்தேன். ஃபேன் சுற்றியது. எதிரில் என் தோழி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்பி, மாநிலப் பொருளாதாரத்தின் மேல் குனிந்திருந்தாள். ‘ஹிக்’ கேட்கும்போதெல்லாம் சொல்தாவின் செய்தித்தாள் ஒருமுறை நடுங்கும்.

ஐந்தரைக்கு மணி அடித்தது.

“பேசுங்க” என்றார் சொல்தா. செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு மாதத்துப் பேச்சு எனக்குத் தொண்டைவரை இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. தோழிக்கும் அதே நிலை. முதல் ரேங்க்காரி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசுங்கம்மா. நேரம் போவுதில்ல.”

“நல்லா இருக்கியா?” என்றாள் என் தோழி என்னிடம், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தை விசாரிக்கிற குரலில்.

“இருக்கேன். நீ?”

“இருக்கேன். அம்மா?”

“இருக்காங்க.”

“அப்பா?”

“தூங்கறாரு.”

அதோடு விஷயம் தீர்ந்துவிட்டது. சொல்தா திருப்தியாகத் தலையாட்டினார். அந்த அமைதியில் ஒரு விக்கல் வந்தது பாருங்கள். அது தோழியிடமிருந்து வரவில்லை. முதல் ரேங்க்காரியிடமிருந்து வந்தது.

அவளே நம்பவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது விக்கல் கையைத் தாண்டி வந்தது. என் தோழி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். நான் உதட்டைக் கடித்தேன், பயனில்லை. பிறகு முதல் ரேங்க்காரி சிரித்தாள். அவள் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பழக்கம் இல்லாததால் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் வேறு வந்தது. அதைக் கேட்டு நாங்கள் இன்னும் சிரித்தோம். சொல்தா மணியை அடித்தார். மறுபடி அடித்தார். “சிலான்ஸ்! சில் வூ ப்ளே!” என்று அவர் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. கடைசியில் அவர் எழுந்துபோய்ப் பச்சைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நானும் தோழியும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கொஞ்ச தூரம் சிரித்தபடியே வந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள்.

“அம்மா கணக்குப் பேப்பரப் பாத்து ஒண்ணுமே சொல்லலடி” என்றாள். “திட்டவே இல்ல. டூட்டிக்குப் போவ நேரமாச்சுன்னு யூனிபார்ம் மாத்திக்கினு போயிட்டாங்க. பஸ் ஸ்டாப்புல நின்னு கண்ணத் தொடச்சிக்கினு இருந்தாங்க. நான் மாடியில இருந்து பாத்தேன்.”

நான் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டேன்.

“உன்னோட இருந்தா நான் சிரிக்கறேன். சிரிச்சிக்கினே ஃபெயில் ஆயிட்டேன். கணக்கு புரியலன்னு நான் சொன்னா நீயும் புரியலன்னு சொல்ற. எனக்கு நிம்மதியாயிடுது. அந்த நிம்மதிதான் வேணான்னு அங்க போனேன்.”

“அங்க புரிஞ்சிதா?”

“எங்க? அவகிட்ட கேட்டா புத்தகத்துல அந்தப் பக்கத்த எடுத்துக் காட்டறா. பேசக் கூடாதே.” மூக்கை உறிஞ்சினாள். “அவளுக்கு எல்லாம் தெரியுது. சொல்லத்தான் தெரியல.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு மாதம் என்னைத் தனியாக விட்டவள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வரியைக்கூட இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சமையலறையில் அம்மா என்னை வாட்டியெடுக்கிற கதையைச் சொன்னேன். மீனின் இதயம்வரை சொன்னேன். அவள் வாயைத் திறந்து கேட்டாள், விக்கல் வரவில்லை.

“கணக்கையும் அம்மாகிட்ட சொல்ல முடியுமா?” என்றாள்.

“முதல்ல நமக்கு யாராவது சொல்லணும்.”

இருவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். ஆனால் அவளைச் சொல்தா விடவேண்டுமே.

நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் முதல் ரேங்க்காரியே அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு, இடத்தை ஆய்வு செய்ய சொல்தாவும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நேராக எங்கள் கூடத்துக்குள் நுழைந்தார். மாலை நான்கு மணிக்குப் பாயில் ஓர் ஆண்மகன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் மீசை விறைத்தது. போச்சு என்று நினைத்தேன்.

“நேத்து நைட் ஷிப்டுங்க. இன்னைக்கும் போவணும்” என்றாள் அம்மா, சேலையில் கையைத் துடைத்தபடி.

சொல்தாவின் முகம் அப்படியே மாறியது. “நைட் டூட்டியா?” என்று கிசுகிசுத்தார். பட்டாளத்தில் அவர் எத்தனை இரவு காவல் நின்றாரோ தெரியாது. அந்த ஷூவோடு நுனிக்காலில் நடந்து சமையலறைக்கு வந்தார். எங்கள் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, காற்றை மட்டும் விட்டு, “சிலான்ஸ்” என்றார். தரையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். போகும்போது, “வேலைக்குப் போறவர எழுப்பாம படிக்கணும்” என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மணியை எங்களிடம் விட்டுப்போவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் மூவரும் எங்கள் சமையலறையில் படிக்க ஆரம்பித்தோம். முதல் நாளே முதல் ரேங்க்காரி ஒரு திருத்தம் சொன்னாள். பேச்சைக் கடைசிக்கு வைப்பதால்தான் அது நடுவில் ஒழுகுகிறது, அதனால் முதலில் பேசிவிடுவோம் என்றாள். வந்ததும் கால் மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். டீச்சர்கள், குடை, தலைச்சாயம், யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம். பிறகு கணக்கு. அது நடந்தது. எங்கள் பூப்போட்ட டைம்டேபிள்கள் இரண்டிலும் இல்லாத கட்டம் அது.

கணக்கை அவள் எங்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் முதல் ரேங்க்காரி பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுத்த அடி எப்படி வந்தது என்று என் தோழி கேட்டால், “அப்படித்தான் வரும்” என்பாள். “அப்படித்தான்னா எப்படித்தான்?” என்று இவள் விடமாட்டாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டுவதில்லை என்று வாய்க்கால் ஓரத்திலிருந்தே முடிவு செய்துவிட்டாள். நான் “எனக்கும் புரியல” என்று சொன்னால், “நீ சும்மா சொல்றியா நெஜமாச் சொல்றியா?” என்று முறைப்பாள். நிஜமாகப் புரியாவிட்டால்தான் சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

அம்மாவுக்கு எக்ஸ் என்கிற எழுத்தின் மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

“யாரு அது, எல்லாக் கணக்குலயும் வருது?”

“அது தெரியாத ஒருத்தரு அத்தை. கடைசியில தெரிஞ்சிடும்” என்றாள் என் தோழி.

“தெரிஞ்சி நமக்கு இன்னா ஆவப்போவுது?”

“பாஸ் ஆவப்போறோம் அத்தை.”

“அப்போ கண்டுபிடி” என்று அம்மா தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அரையாண்டில் என் தோழி கணக்கில் பாஸ் ஆனாள், ஓரத்தில் தொங்கிக்கொண்டு. முதல் ரேங்க்காரி தன் இடத்தைத் திரும்பப் பிடித்தாள். அதைப் பற்றி நான் கேட்டபோது, உங்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பாதி எனக்கே புரிந்தது என்றாள். மீன் வாடை மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தேற்றம் நடத்துவாள். அதனால் அம்மா சனிக்கிழமைகளில் சாம்பாருக்கு மாறினாள். அப்பா மட்டும்தான் அதில் நஷ்டப்பட்டவர்.

பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று, கடைத்தெருவில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஊரே அங்கு நின்றது. ஒவ்வொரு எண்ணும் திறக்க ஒரு யுகமானது. என் தோழியின் எண்ணைத் தட்டியதும் திரை வெள்ளையாக நின்றுவிட்டது. கடைக்காரர் கம்ப்யூட்டரின் தலையில் தட்டினார். அந்த நேரத்தில் தோழியின் அம்மா டூட்டி முடிந்து யூனிபார்மோடே வந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ “நர்ஸம்மா, இங்க ஒரு பொண்ணுக்கு மயக்கம்” என்று கூப்பிட, அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போனார். ஆகவே மகளின் கணக்கு மதிப்பெண் திரையில் வந்தபோது அவர் வேறு யாரோ ஒருத்தியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அறுவத்தேழு!” என்று இவள் கத்தினாள்.

“நார்மல்தான்” என்றார் அவர், நாடியைப் பிடித்தபடியே. பிறகுதான் அது எதன் எண்ணிக்கை என்று புரிந்தது. அந்தப் பெண்ணின் கையை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். இம்முறை எல்லோருக்கும் முன்னால், சத்தமாக.

முதல் ரேங்க்காரியின் மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வந்தது, வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு இருந்தது.

சாயந்திரம் மூவரும் கடற்கரைச் சாலைக்குப் போனோம். சாயந்திரமானால் அங்கே வண்டி விடமாட்டார்கள், சாலை முழுக்க ஜனம். பாறைமேல் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். பதினொன்றாம் வகுப்பில் முதல் ரேங்க்காரி வேறு பள்ளி, நாங்கள் இருவரும் வேறு வேறு குரூப். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் முதல் ரேங்க்காரிதான் கேட்டாள். “பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே. இனிமே எதுக்குச் சேர்றது?”

“சும்மாத்தான்” என்றாள் என் தோழி.

“சும்மாவா?”

“ஆமா. சும்மா வந்து, சும்மா உக்காந்து, சும்மா பேசிட்டுப் போவோம்.”

முதல் ரேங்க்காரி சுண்டல் பொட்டலத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். ஒரு கடினமான தேற்றத்தை மனதுக்குள் போட்டுப் பார்க்கும்போது அவள் புருவம் எப்படிச் சேருமோ, அப்படிச் சேர்ந்திருந்தது.

“சரி” என்றாள். “எத்தன மணிக்கு?”